மாட்டு வண்டியும் இயந்திர நாயும்



போன ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் ஒரு வளைகாப்பு. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என் தம்பியின் பேரன், ஏழாவது படிக்கிறவன், தூணில் சாய்ந்துகொண்டு தலையணை கனத்துக்கு ஒரு ஆங்கிலப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். அட்டையில் நெருப்புக் கக்கும் பாம்பு, அதன் மேல் ஒரு பையன். பாயசத்துக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் (பெயர் சொல்ல மாட்டேன், இதை அவரும் படிப்பார்) சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்தக் கிறுக்கெல்லாம் நம்ம சீமையில கிடையாது. நம்மாளு நெல்லையும் தண்ணியையும் தவிர வேற எதைக் கனவு கண்டான்? இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்."

வளைகாப்பு வீட்டில் வாதம் செய்யக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் முப்பத்துமூன்று வருஷம் வரலாறு நடத்தியவளுக்கு, தப்பான வரலாற்றைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வருமா? அதனால்தான் இந்த நீளப் பதிவு. எழுத ஆரம்பித்த பிறகுதான், முப்பத்தைந்து வருஷமாக எனக்குள் கிடக்கும் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. அது கடைசியில் வரும்.

முதலில் என் அத்தை. அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயதில் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டில் மின்சாரம் இல்லை. அறுவடை முடிந்ததும் நெல் அவிக்க வேண்டும். கொல்லையில் கோட்டை அடுப்பு, அதன் மேல் பெரிய அண்டா. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும் வரை வேலை நடக்கும். அந்தப் புழுங்கல் வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. நெல் அவிக்க வருகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் அடுப்பைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை ஒரு மணையைப் போட்டுக்கொண்டு, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்து, 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை'யை உரக்க வாசிப்பார்.

பெரிய எழுத்துப் புத்தகங்களை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டீர்கள். தேர்த் திருவிழாக் கடையில், வளையல், ரிப்பனுக்கு நடுவே சாணித்தாளில் குவித்து வைத்து விற்பார்கள். மதனகாமராஜன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை. எழுத்து மொச்சைக்கொட்டை அளவுக்கு இருக்கும். கண் மங்கியவர்களும் அரைகுறையாக எழுத்துக் கூட்டுகிறவர்களும் படிப்பதற்காக அப்படி. நாட்டில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும் என்பதை அச்சாபீஸ்காரர்கள் அரசாங்கத்தைவிடச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அத்தைக்கு ஒரு வழக்கம். வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். அடுப்பைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் தன் பதிலைச் சொன்ன பிறகுதான் ராஜாவின் பதிலை வாசிப்பார். தலை மாறிப்போன கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கோயிலில் இரண்டு ஆண்கள் தலையை வெட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். ஒருவன் அந்தப் பெண்ணின் புருஷன். அம்மன் உயிர் கொடுக்கும்போது பதற்றத்தில் அவள் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இப்போது யார் அவள் புருஷன்? தலைதான் பிரதானம், தலை யாருடையதோ அவனே புருஷன் என்பது ராஜாவின் பதில். எங்கள் கொல்லையில் விறகு தள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சொன்ன பதில் இது: "மம்பட்டி புடிக்கிற கை எந்த உடம்புல இருக்கோ, அவன்தான் புருஷன். தலையா சோறு போடும்?" அண்டா நெல் பொங்குகிற அளவுக்குச் சிரித்தார்கள். ராஜாவின் தீர்ப்பை வாசிக்க அத்தைக்கு அன்று மனமே வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டுவிட்டு, வேதாளம் முருங்கை மரத்திலிருந்து இறங்குமோ என்று பயந்து, கொல்லைப் பக்கம் போவதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத ஒன்பது வயதுப் பையன்தான் வளைகாப்பு வீட்டில் சுண்ணாம்பு தடவிய பெரியவர். அண்ணா, மறந்துவிட்டதா?

அந்தப் பெண்கள் தரையில் உட்கார்ந்துதான் கேட்டார்கள். திண்ணைக்கு ஏற மாட்டார்கள். ஏறச் சொல்லவும் எங்கள் வீட்டில் யாருமில்லை. கதை மட்டும் திண்ணைக்கும் தரைக்கும் நடுவே போய் வந்தது. நான் வரலாற்று ஆசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் யார் என்ன படித்தார்கள் என்று கணக்கெடுக்க வந்தவர்கள் எல்லோரும் கண்ணை மட்டும் எண்ணினார்கள், காதை எண்ணவில்லை. ஒரு புத்தகம் விற்றிருக்கும், பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் மறுநாள் நடவு வயலில் இன்னும் இருபது பேருக்குச் சொல்லியிருப்பார்கள். 'படிப்பறிவில்லாதவர்கள்' என்று பதிவேட்டில் எழுதப்பட்ட அந்தப் பெண்களுக்கு முப்பத்திரண்டு பதுமைகளின் கதையும் தலைகீழ்ப் பாடம்.

1947-ல் 'அம்புலிமாமா' வந்தது. சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் ஆரம்பித்த பத்திரிகை. மாதம் ஒரு இதழ். தோளில் பிணத்தைச் சுமந்து, உருவிய வாளோடு மயானத்தில் நடக்கும் ராஜாவை ஓவியர் சங்கர் வரைந்த படத்தைப் பார்க்காமல் எங்கள் தலைமுறையில் யாரும் வளரவில்லை. அத்தை எல்லா இதழையும் தகரப் பெட்டியில் அடுக்கி, வேப்பிலை போட்டு வைத்திருந்தார். அவர் 1991-ல் போய்ச் சேர்ந்தார். பெட்டி என்னிடம் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய ராத்திரி எங்கள் ஓடு பறந்தது, முப்பது தென்னை சாய்ந்தது. பெட்டிக்குள் இருந்த அம்புலிமாமாக்கள் ஒரே கூழாகிவிட்டன. தென்னைக்கு நிவாரணம் கேட்டு மனு எழுதினேன். பெட்டிக்கு யாரிடம் எழுதுவது?

புயல் என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. ஜகதீஷ் சந்திர போஸைத் தெரியும் இல்லையா, கம்பியில்லா அலைகளையும் தாவரங்களின் உணர்வையும் ஆராய்ந்த விஞ்ஞானி, எட்டாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அவர் 1896-ல் வங்காளத்தில் ஒரு தலைமுடித் தைலக் கம்பெனி நடத்திய கதைப் போட்டிக்கு ஒரு கதை எழுதினார். கல்கத்தாவை நோக்கி வந்த பெரும்புயல் திடீரென்று காணாமல் போகிறது. காரணம், கப்பலில் போன ஒருவர் கடலில் கொட்டிய ஒரு பாட்டில் கூந்தல் தைலம்! எண்ணெய் நீர்ப்பரப்பில் பரவி அலையை அடக்கும் என்ற உண்மையை எடுத்து, அதைப் புயல் வரைக்கும் இழுத்துவிட்டார் மனிதர். இந்திய மொழிகளில் வந்த மிகப் பழைய அறிவியல் கதைகளில் அது ஒன்று. கஜா ராத்திரியில் அந்தக் கதை நினைவுக்கு வந்து, அந்த நடுக்கத்திலும் சிரிப்பு வந்தது. வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெய் அரை லிட்டர்தான்.

இன்னொன்று, 1905-ல் வந்தது. 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ரொக்கையா என்ற வங்க முஸ்லிம் பெண்மணி ஆங்கிலத்தில் எழுதினார். அது முதலில் அச்சானது எங்கே தெரியுமா? நம் மதராஸில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில். அந்தக் கதை நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் இருப்பார்கள், பெண்கள் வெளியே ஆட்சி செய்வார்கள். அவர்களுடைய பல்கலைக்கழகப் பெண்கள் ஒரு பலூனை மேகத்துக்கு அனுப்பி, குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கிக்கொள்வார்கள். மழைக்குக் காத்திருக்க வேண்டாம், யாரோடும் சண்டை வேண்டாம். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று வருஷா வருஷம் வானத்தையும் பேப்பரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான கதை உண்டா? 'நெல்லையும் தண்ணியையும் தவிர' என்றாரே பெரியவர், தண்ணீரைப் பற்றித்தான் அந்த அம்மாளும் கனவு கண்டார்.

சரி, நம் சீமைக்கு வருகிறேன்.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில், ஒரு பெரிய கடையில் குழந்தைகள் விளையாடும் மெக்கானோ செட்டைப் பார்த்தார். துண்டு துண்டாகக் கழற்றி வேறு வேறு விதமாக மாட்டுகிறார்களே, புத்தகங்களையும் இப்படி வகைப்படுத்தினால் என்ன என்று யோசித்தார். உலகம் முழுக்க நூலகப் படிப்பில் இன்றும் நடத்தும் அவருடைய வகைப்பாட்டு முறையின் விதை அந்தப் பொம்மைக் கடையில் விழுந்தது. 1931-ல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. அதில் எனக்குப் பிடித்த விஷயம், எந்தப் புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு, இருவரையும் சேர்த்து வைப்பதுதான் நூலகர் வேலை என்பது. நல்ல புத்தகம் எது, குப்பை எது என்று தீர்ப்புச் சொல்வதை அவர் நூலகரிடம் கொடுக்கவில்லை. வாத்தியார்களிடமும் கொடுக்கவில்லை. நாங்களாக எடுத்துக்கொண்டோம்.

அதே 1931, அக்டோபர் 21. மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல். கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தக அலமாரி அமைத்து, ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோகும் நூலகத்தைத் தொடங்கினார். ரங்கநாதனே வந்து தொடங்கி வைத்தார். இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் என்று நூலகப் பாடப்புத்தகங்களில் போட்டிருக்கிறது. உங்களில் எத்தனை பேர் மேலவாசல் வழியாக பஸ்ஸில் போயிருப்பீர்கள்! எனக்கே பணி ஓய்வு பெற எட்டு வருஷம் இருக்கும்போதுதான் தெரிந்தது. நெல் மூட்டை ஏற்றுகிற வண்டியில் புத்தகத்தை ஏற்றினார்கள் என்பதை ஒரு தடவை வகுப்பில் சொன்னேன். "டீச்சர், மாடு பக்கத்தைத் தின்னாதா?" என்று கேட்டான் ஒருவன். அவன் இப்போது கால்நடை மருத்துவர்.

பிறகு 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒரு சிறு தொகை கட்டுகிறீர்களே, அதன் ஆரம்பம் இது. கிளை நூலகங்கள் வந்தன. நான் இருபது வயதில் ஜூல் வெர்னைத் தமிழில் படித்தது அப்படியொரு கிளை நூலகத்தில், ஒரு கால் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்துதான்.

வண்டி ஓடிய அதே காலத்தில் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்கள் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தன. இன்று வடுவூர் என்றால் ஏரியும் பறவையும் என்பீர்கள். என் பாட்டிக்கு வடுவூர் என்றால் 'மேனகா', 'திகம்பர சாமியார்', 'கும்பகோணம் வக்கீல்'. தாசில்தார் உத்தியோகம் பார்த்தவர், அதை விட்டுவிட்டு சென்னைக்குப் போய் எழுதிக் குவித்தார். கடத்தல், மாறுவேடம், சுரங்கப் பாதை, எதையும் கண்டுபிடிக்கும் சாமியார். பாதி ஆங்கில நாவல்களிலிருந்து எடுத்தது என்பார்கள். இருக்கட்டும். சமையற்கட்டில் சாம்பார் அடிப்பிடிக்க விட்ட நாவல்கள் அவை. பாட்டி ஒளித்து வைத்துத்தான் படித்தாள். தாத்தாவும் ஒளித்து வைத்துத்தான் படித்தார். ஒருவர் ஒளிக்கும் இடம் இன்னொருவருக்குத் தெரியும்.

ஆனால் இலக்கியம் என்று பேச்சு வந்தால் நம் ஜில்லாவின் பெருமை வேறு. கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு என்று கும்பகோணத்தைச் சுற்றி ஒரு கூட்டம். மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமன். இவர்கள் எழுதியது வீட்டுக்குள்ளே நடப்பதை, மனசுக்குள்ளே நடப்பதை. தி.ஜா.வின் கும்பகோணத்துத் தெருக்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன், அதில் எனக்குப் போட்டி யாருமில்லை. ஆனால் இந்தப் பெருமை ஒரு கெடுதலும் செய்தது. 'நடப்பதை எழுதினால் இலக்கியம், நடக்காததை எழுதினால் பொழுதுபோக்கு' என்று ஒரு கோடு விழுந்துவிட்டது. எழுத்தாளர்கள் அந்தக் கோட்டை அவ்வளவாக மதிக்கவில்லை. பாரதி 'ஞானரத'த்தில் ஏறி வேறு உலகங்களுக்குப் போய் வந்தவர். புதுமைப்பித்தன் கடவுளைக் கந்தசாமிப் பிள்ளையோடு காபி சாப்பிட வைத்தவர். மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனை 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவரும் அவரே. எம்.வி. வெங்கட்ராம் காதுக்குள் ஓயாமல் கேட்ட குரல்களை வைத்து 'காதுகள்' நாவலை எழுதி 1993-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். நிஜமா மாயமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஆசிரியர்கள்தான்.

மேரி ஷெல்லி என்றதும் ஒரு நிமிஷம் நிற்கிறேன், வரலாற்று ஆசிரியையின் கெட்ட பழக்கம். 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. சாம்பல் வானத்தை மூடி, மறு வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. பயிர் கருகிப் பஞ்சம். ஜெனீவா ஏரிக்கரையில் மழையில் அடைபட்டுக் கிடந்த நண்பர்கள் பொழுது போகாமல் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பந்தயம் வைத்தார்கள். அதில் பதினெட்டு வயதுப் பெண் ஆரம்பித்த கதை 1818-ல் புத்தகமாயிற்று. பயிர் கெட்ட வருஷத்தில் பிறந்த கதை. எனக்கு அது புரிகிறது. குறுவையும் பொய்த்து சம்பாவும் தடுமாறிய வருஷங்களில் எங்கள் கொல்லையில் அவிக்க நெல் இருக்காது. அப்போதும் அந்தப் பெண்கள் வந்து, "அக்கா, பொழுது போகல, வேதாளத்தை எடுங்க" என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

கல்கியை விட்டுவிட்டால் நீங்களே என்னைச் சும்மா விடமாட்டீர்கள். அவர் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, ரயிலில் பத்திரிகைக் கட்டு இறங்கும் நேரத்துக்கு ஸ்டேஷனில் ஆள் நிற்பார்கள் என்று அம்மா சொல்லுவார். அதை மாயக்கதை என்று சொல்ல முடியாது, சரித்திரக் கதை. ஆனால் பெரிய கோயிலுக்குச் சுற்றுலா அழைத்துப்போகும் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பெண் "டீச்சர், நந்தினி இருந்த அரண்மனை எது?" என்று கேட்பாள். குந்தவை கல்வெட்டில் இருக்கிறாள் அம்மா, நந்தினி கல்கியின் பேனாவில் இருந்து வந்தவள் என்பேன். முகம் வாடிவிடும். ஒருத்தி அழுதே விட்டாள். ஒரு கல்வெட்டுக்காக இதுவரை யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கிளம்பியது. முதல் வீரர் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்த படக்கதையின் தமிழ் வடிவம். கை இழந்தவனுக்கு இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். சரியாக அந்தக் காலத்தில்தான் நம் வயல்களில் மோட்டார் கொட்டகைகள் பெருகின. இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்! நான் 1979-ல் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் மைக்கில் சொன்னார்: "கரண்டைத் தொட்டால் மாயமாக மாட்டீர்கள். மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள்." அதற்கு முந்தின வாரம் ஒருவன் ஃபியூஸ் கட்டையில் கை வைத்துத் தூக்கி எறியப்பட்டு, நல்லவேளையாக வைக்கோல் போரில் விழுந்திருந்தான். அன்றிலிருந்து காமிக்ஸ் பறிமுதல் எங்கள் வேலையில் ஒரு பகுதியாயிற்று. 1984-ல் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் எல்லாம் வந்த பிறகு ஆசிரியர் அறையில் ஒரு பீரோவின் கீழ்த்தட்டே அதற்கு ஒதுக்கப்பட்டது. மதிய இடைவேளையில் அந்தத் தட்டைத் திறந்து படிக்காத ஆசிரியர் யாருமில்லை. நான் உட்பட.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன்.

சுஜாதா நம்மவர். திருவரங்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பாட்டி வீட்டில் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, பிறகு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். நாம் ஓட்டுப் போடும் மின்னணு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர். 80-களில் ஆனந்த விகடனில் அவர் 'என் இனிய இயந்திரா' எழுதினார். கதை நடக்கும் காலம் 2021. ஜீவா என்ற சர்வாதிகாரியின் கீழ் இந்தியா. நிலா, சிபி, ரவி, மனோ என்று ஆளுக்கெல்லாம் இரண்டெழுத்துப் பெயர்தான். ஜீனோ என்று ஒரு இயந்திர நாய். அது பேசும், புத்தகம் படிக்கும், யோசிக்கும், கடைசியில் மனிதர்களைவிட மனிதத்தனமாக இருக்கும். முடிவைச் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் ஆசிரியர் அறையில் இதைப் பற்றித்தான் பேச்சு. நாங்கள் பேசலாம். நாங்கள் பெரியவர்கள்.

1988-89 கல்வியாண்டு, ஒன்பதாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒரு பையன். அப்பா, அம்மா இருவரும் கூலி வேலை. தினமும் ஆற்றங்கரை வழியாக நடந்து வருவான். நான் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தேன். அவன் பாடப்புத்தகத்துக்குள் ஒரு கட்டு வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கினேன். சலூனிலும் டீக்கடையிலும் கிழித்துச் சேர்த்த விகடன் பக்கங்கள், கோணி ஊசியால் சணல் கோத்துத் தைத்தது, மேலே சிமெண்ட் பை அட்டை. 'என் இனிய இயந்திரா'.

ஆசிரியர் அறையில் புரட்டியபோதுதான் பார்த்தேன். எல்லா வாரமும் அவனுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத வாரங்களுக்கு, கோடு போட்ட நோட்டுத் தாளில் அவனே எழுதித் தைத்திருந்தான். நாலைந்து அத்தியாயம் இருக்கும். ஒன்றில், ஜீனோ ராத்திரியில் பாமணி ஆற்றங்கரைக்கு வருகிறது. மதகுக் காவலாளி தூங்குகிறார். ஜீனோ மதகைத் திறந்துவிடுகிறது. கடைமடைக்குத் தண்ணீர் போகிறது. விடிந்ததும் ஊர் பார்க்கிறது, யார் திறந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சேற்றில் நாய்க் கால் தடம் மட்டும் இருக்கிறது. அந்தத் தடத்தில் நகம் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்திப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்தேன். 'தன்ணீர்' என்று எழுதியிருந்ததைச் சக ஆசிரியைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தோம். பிறகு பீரோவின் கீழ்த்தட்டில் போட்டுவிட்டு, "வருஷக் கடைசியில் அப்பாவை அழைத்து வந்து வாங்கிக்கொள்" என்றேன். அவன் சரி என்று தலையாட்டினான். கேட்கவே இல்லை. கூலி வேலையை விட்டுவிட்டு எந்த அப்பா ஒரு கதைக்கட்டு வாங்கப் பள்ளிக்கூடம் வருவார்? அது அன்று எனக்கு உறைக்கவில்லை. கோடை விடுமுறையில் அறையைச் சுத்தம் செய்தபோது கீழ்த்தட்டில் இருந்த எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போயிற்று. எடை போட்டவள் நான்தான். பதினோரு கிலோ. அந்தப் பணத்தில் அறைக்கு ஒரு மண் பானை வாங்கினோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள்.

சுஜாதா 2008-ல் இறந்த அன்று எனக்கு வந்த முதல் நினைப்பு அந்த நகம் இல்லாத கால் தடம். 2021 வந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, ஒருநாள் 'என் இனிய இயந்திரா'வை அச்சுப் புத்தகமாக வரவழைத்து முழுதாகப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மதகு அத்தியாயம் மட்டும் அதில் இல்லை. அது இருக்காது என்று தெரிந்தும் தேடினேன்.

அண்ணா, நம் சீமையில் இந்தக் கிறுக்கு இல்லை என்று சொன்னீர்கள். இருந்தது. எடைக்குப் போட்டது நான்.

1988-89-ல் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்தவர்கள் குறைந்தது பன்னிரண்டு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரைக் கீழே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவனுக்கு இப்போது ஐம்பது வயது ஆகியிருக்கும், 'அவன்' என்று எழுதுவதும் தப்புதான். இங்கே புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன், கோடு போட்ட நோட்டு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த நாலைந்து அத்தியாயமும் அவருக்கு ஞாபகம் இருந்தால் எழுதித் தரட்டும். எழுத நேரமில்லை என்றால் சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.